நாசிக் திராட்சை: நிலமும் நீரும் உடன்படிக்கையும்

மகாராஷ்டிர மாநிலத்தின் வடமேற்கே, சஹ்யாத்ரி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் பரந்து கிடக்கிறது நாசிக் மாவட்டம். 15 வட்டங்களைக் கொண்ட இம்மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 15,500 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 61 லட்சம். கோதாவரி பிறக்கும் திரியம்பகம், இராமகாதையோடு இணைத்துப் பேசப்படும் பஞ்சவடி, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் கும்பமேளா ஆகியவற்றால் இம்மாவட்டம் நாடெங்கும் அறியப்பட்டது. கடந்த கால் நூற்றாண்டில் மற்றொரு காரணத்தாலும் இதன் பெயர் பரவியுள்ளது. நாட்டில் ஒயின் ஆலைகள் மிகுதியாக அமைந்துள்ள மாவட்டம் இதுவே. ‘நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்’ புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

ஒயினைப் பற்றி ஒரு வளர்ச்சி இதழில் எழுதுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். போதை தரும் பானங்களின் நுகர்வைத் தடுக்க அரசு முயலுதல் வேண்டும் என்று நமது அரசியலமைப்பின் 47ஆம் உறுப்பு நெறிப்படுத்துகிறது. அவ்வாதத்தின் கனத்தை இக்கட்டுரை குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இங்கு நம் கவனத்துக்கு உரியவர், சில ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு, நட்டபின் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்து பலன் காணவேண்டிய ஒரு கொடியை நம்பி முதலிட்ட உழவரே. அவருக்கு இக்கொடி எந்த அளவு கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதைக் காண்பதே நமது நோக்கம்.

மழை பொழியும் மேற்கும் மழை மறைந்த கிழக்கும்

இம்மாவட்டத்தின் நிலத்தோற்றத்தை அறிய, மேற்கே இகத்புரியிலிருந்து கிழக்கே யேவலா வரை ஒருமுறை பயணம் செய்தால் போதும். தொலைவு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இகத்புரிப் பகுதியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. பச்சை போர்த்திய மலைகள், நெல் வயல்கள், கேழ்வரகுச் சரிவுகள். நாசிக் நகரைத் தாண்டியதும் காற்று உலரத் தொடங்குகிறது. யேவலா, சாந்த்வட் பகுதிகளை எட்டும்போது மழை 500 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மழைமேகங்கள் மலையில் மோதித் தம் சுமையை இறக்கிவிட்டு வெறுங்கையுடன் கிழக்கே நகர்வதே இதற்குக் காரணம்.

நிலத்தின் அடியில் இருப்பது தக்காணப் பீடபூமியின் கரும்பாறை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த பாறை இது. மலைகள் கூம்பாக உயராமல், மேசை போலத் தட்டையாகவும் படிக்கட்டுகள் போலவும் காட்சியளிப்பதற்கு இந்த அடுக்குகளே காரணம். வணிப் பகுதியில் சப்தசிருங்கி மலை, பாக்லான் வட்டத்தில் 1567 மீட்டர் உயரத்தில் நிற்கும் சால்ஹேர் கோட்டை ஆகியவை இத்தோற்றத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். பாறை சிதைந்து உண்டான கரிசல் மண் சமவெளியில் ஆழமாகவும் மேட்டில் மெல்லியதாகவும் படிந்துள்ளது. தண்ணீர் தேங்காத சரளை கலந்த மேட்டுமண் திராட்சைக்கு மிகவும் உகந்தது. ஆனால் கரும்பாறை நீரை எளிதில் தேக்கி வைப்பதில்லை. வெடிப்புகளில் உள்ள நீரே கிணற்றுக்கு வரும். ஆகவே இங்கு நிலத்தின் அருமை, அந்நிலத்துக்கு எட்டும் தண்ணீரைக் கொண்டே அளக்கப்படுகிறது.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளமையால் குளிர்காலப் பகல் இதமாகவும் இரவு குளிராகவும் இருக்கும். பகலில் சேரும் இனிப்பும், இரவின் குளிரில் குறையாது நிற்கும் புளிப்பும் திராட்சைக்குச் சுவையூட்டுகின்றன. சில ஆண்டுகளில் நிபாட் வட்டத்தில் இரவு வெப்பம் 5 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது உழவர்கள் தோட்டத்தில் ஆங்காங்கே நெருப்பு மூட்டிப் புகையும் வெப்பமும் பரவச் செய்து கொடியைக் காக்கின்றனர்.

பாறையில் எழுதிய கணக்கு

நாசிக் நகருக்கு அருகே திரிரஷ்மி மலையில் 24 பௌத்தக் குடைவரைகள் உள்ளன. பாண்டவர் குகை என்று மக்கள் வழங்கும் இவற்றில் சாதவாகனர், சத்திரபர் காலக் கல்வெட்டுகள் பல காணப்படுகின்றன. சுற்றுலாப் பயணிகள் சிற்பத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகின்றனர். வளர்ச்சிப் பொருளாதாரத்தில் நாட்டமுடையோர் 10ஆம் குகையின் கல்வெட்டுக்காகவே அம்மலை ஏறலாம்.

சத்திரப மன்னன் நகபானனின் மருமகன் உஷவதாதன், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய காலத்தில், துறவியருக்கென 3000 கார்ஷாபணங்களை நிலைமுதலாக வைத்தான். அதனை அரசுக் கருவூலத்திலோ கோயிலிலோ அவன் ஒப்படைக்கவில்லை. கோவர்த்தனத்தில் வாழ்ந்த நெசவாளர் குழு ஒன்றிடம் 2000, மற்றொரு நெசவாளர் குழுவிடம் 1000 என்று முதலிட்டான். முதற்குழு மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி தரவேண்டும். இரண்டாம் குழு நூற்றுக்கு முக்கால். முதலைத் திருப்பித் தரவேண்டியதில்லை. வட்டியை மட்டும் இடைவிடாது அளிக்கவேண்டும். 2000க்கு ஆண்டு வட்டி 240. அது 20 துறவியருக்கு ஆளுக்கு 12 கார்ஷாபணம் வீதம் ஆடைக்கு உதவியது. இந்த ஏற்பாடு நகர அவையில் அறிவிக்கப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, பின்னர் பாறையிலும் வெட்டப்பட்டது.

இம்மலையின் மற்றொரு கல்வெட்டு, ஆபீர மன்னன் ஈசுவரசேனன் காலத்தைச் சேர்ந்தது. நோயுற்ற துறவியரின் மருந்துக்காக விஷ்ணுதத்தை என்னும் பெண்மணி வைத்த முதலைக் குறிப்பிடும் அக்கல்வெட்டில், முதலைப் பெற்ற குழுக்களுள் எண்ணெய் ஆட்டுவோரும் நீர்ப்பொறி செய்வோரும் இடம்பெறுகின்றனர். நீரை உயர்த்தும் பொறிகளைச் செய்வோர் ஒரு குழுவாகத் திரண்டு, ஊரார் நம்பிப் பணம் ஒப்படைக்கும் அளவுக்கு நிலைபெற்றிருந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

திராட்சை ஒயின் இம்மாவட்டத்தின் பழைய மரபன்று. அந்நாளில் ஒயின் மேலைக் கடல்வழியே ஜாடிகளில் வந்த இறக்குமதிப் பொருள். அத்தகைய ஜாடிகளின் உடைந்த பகுதிகள் அண்டை மாவட்டமான அகில்யாநகரின் நெவாசாவில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தமிழகத்து அரிக்கமேட்டிலும் இவை கிடைத்தமை வாசகர்கள் அறிந்ததே. எனவே நாசிக்கின் மரபுச் செல்வம் எது என்று கேட்டால், பலர் கூடி ஒரு பொறுப்பை ஏற்பதும், அதன் நிபந்தனைகளை எல்லாரும் அறிய எழுதிவைப்பதுமே என்று இக்கட்டுரையாளர் கூறுவார். அம்மரபு பாசனத்திலும் தொடர்ந்தது.

ஃபட் முறையும் வாகாட் சங்கங்களும்

மாவட்டத்தின் வடபகுதியில் மோசம், ஆரம் ஆகிய ஆறுகளிலும், அடுத்துள்ள துலே மாவட்டத்தின் பாஞ்சரா ஆற்றிலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தடுப்பணைகள் பல இருந்துவந்தன. இவற்றின் பாசன ஏற்பாட்டுக்கு ஃபட் முறை என்று பெயர். அணையிலிருந்து பிரியும் கால்வாயின் ஆயக்கட்டு சில பெரும் பிரிவுகளாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு பிரிவும் ஒரு ஃபட். ஒரு பருவத்தில் ஒரு ஃபட் முழுவதும் ஒரே பயிர். ஒன்றில் கரும்பு என்றால் மற்றொன்றில் தானியம். வேறொன்று தரிசாகக் கிடக்கும். ஆண்டுதோறும் இவை முறை மாறும். உழவர் ஒவ்வொருவருக்கும் பல ஃபட்களிலும் நிலம் இருக்குமாறு பார்த்துக்கொண்டனர். ஆகவே எவருக்கும் முழு இலாபமும் இல்லை. முழு இழப்பும் இல்லை.

தண்ணீரை வயலுக்கு விடும் வேலையை நில உரிமையாளர் செய்வதில்லை. அதற்கென ஊரார் நியமித்த ‘பாட்கரி’ என்ற மடைக்காரர் ஒரு முனையிலிருந்து தொடங்கி வரிசையாக எல்லா நிலத்துக்கும் பாய்ச்சுவார். யாருடைய நிலம் என்பது அவருக்குப் பொருட்டன்று. மழை பொய்த்த ஆண்டில் ஒருவர் பங்கைக் குறைத்து மற்றவருக்குக் கொடுக்கும் வழக்கமும் இல்லை. பயிரிடும் பரப்பையே பொதுவாகக் குறைத்துக்கொள்வர். கால்வாயைத் தூர் வாருவது கூட்டு உழைப்பு. நம் ஊர்க் குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும். மேற்புறத்தில் அணைகள் எழுந்து, தனித்தனிக் கிணறுகள் பெருகியதும் இம்முறை பெரும்பாலும் தளர்ந்துபோயிற்று.

தளர்ந்த இடத்தில் புதிய முளையும் எழுந்தது. திண்டோரி வட்டத்தில் உள்ள வாகாட் அணையின் கால்வாயில், கடைமடை நிலங்களுக்குப் பல ஆண்டுகள் நீர் எட்டவே இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஓஜர் ஊரைச் சார்ந்த சமாஜ் பரிவர்தன் கேந்திரம் என்ற தொண்டமைப்பின் முயற்சியால், கடைமடை உழவர்களே முதலில் நீர்ப்பயனாளர் சங்கங்களாகத் திரண்டனர். பாசனத்துறையிடமிருந்து நீரை மொத்தமாக, கன அளவில் விலைக்கு வாங்கித் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டனர். படிப்படியாக ஆயக்கட்டு முழுவதும் 24 சங்கங்கள் அமைந்தன. அணை முழுமைக்குமான கூட்டமைப்பும் உருவாயிற்று. பாசன அமைப்புகளை உழவர்களே நிருவகிக்க வகைசெய்யும் சட்டத்தை மகாராஷ்டிர அரசு 2005இல் இயற்றியபோது, வாகாட் அனுபவம் முன்னுதாரணமாகச் சுட்டப்பட்டது. கடைமடையில் நீர் உறுதியானதும் உழவர்கள் திராட்சைக்கும் காய்கறிக்கும் துணிந்து மாறினர். வாய்க்கால் நீரைத் தேக்கவும் மழைநீரைச் சேர்க்கவும் நெகிழித் தாள் விரித்த பண்ணைக்குட்டைகளும், சொட்டுநீர்க் குழாய்களும் இன்று இப்பகுதியின் நிலத்தோற்றத்தின் ஒரு கூறாகவே ஆகிவிட்டன.

ஓராண்டில் இரு கவாத்து

நாசிக்கில் வணிகமுறைத் திராட்சைச் சாகுபடி 1925ஆம் ஆண்டளவில் ஓஜரில் இராவ்சாகேப் ஜெயராம் கிருஷ்ண கெய்க்வாட் என்பவரால் தொடங்கப்பட்டதாக மாவட்ட வரலாறு குறிப்பிடுகிறது. போக்ரி முதலான பழைய இரகங்களின் இடத்தைப் பின்னர் விதையில்லாத தாம்சன் இரகம் பிடித்தது. அதிலிருந்து சாங்கிலி மாவட்ட உழவர் ஒருவர் தம் தோட்டத்தில் கண்டு தெரிந்தெடுத்த ‘தாஸ்-ஏ-கணேஷ்’ இரகமும் மாநிலமெங்கும் பரவிற்று. வறட்சியையும் உவர்நீரையும் தாங்கும் டாக்ரிட்ஜ் அடிச்செடியில் நல்ல இரகத்தை ஒட்டுக்கட்டும் வழக்கம் இன்று பொதுவாகிவிட்டது.

குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் விழிக்கும். நம் நாட்டு வெப்பத்தில் அதற்கு உறக்கமே இல்லை. எனவே கொடியின் நாட்காட்டியை மனிதனே கத்தரியால் வகுக்கவேண்டியுள்ளது. ஏப்ரலில் ஒரு கவாத்து. அதன்பின் வளரும் தண்டில் காய்ப்புமொட்டுகள் உருவாகின்றன. மழைக்காலம் முழுவதும் கொடி இலையும் தண்டுமாக நிற்கும். அக்டோபரில் மறு கவாத்து. இப்போது துளிர்க்கும் கிளையில் பூங்கொத்து வெளிப்படும். அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. இரண்டு கவாத்து, ஒரே விளைச்சல். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையை ஒவ்வொரு கவாத்துக்கும் ஒரு விளைச்சலாக ஆண்டு முழுவதும் மாறிமாறி அறுப்பதோடு ஒப்பிட்டால், நாசிக் உழவரின் நிலைமை விளங்கும். ஆண்டின் உழைப்பு அனைத்தும் ஒரே குலையில் தொங்குகிறது.

அக்குலைக்கு ஆபத்துகள் பல. அக்டோபர் கவாத்துக்குப் பின் பருவம் தவறிய மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் இலையையும் பூவையும் சில நாட்களில் அழித்துவிடும். பழுக்கும் காலத்தில் பெய்தால் மணிகள் வெடிக்கும். 2014ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் மகாராஷ்டிரம் முழுவதும் பெய்த ஆலங்கட்டி மழையில் நாசிக் தோட்டங்களும் சின்னாபின்னமாயின. பாக்லான் வட்டத்து உழவர்கள் வேறொரு சூதாட்டத்தையும் ஆடுகின்றனர். மழைக்காலத்திலேயே கவாத்து செய்து, டிசம்பரில், சந்தையில் வேறு பழம் இல்லாத வேளையில் குலையை இறக்குகின்றனர். வென்றால் விலை மிகுதி. மழை வென்றால் கடன் மிகுதி.

உண்ணும் பழமும் வடிக்கும் பழமும்

ஒயினுக்குரிய திராட்சை, நாம் தட்டில் வைத்து உண்ணும் திராட்சை அன்று. செனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க், ஷிராஸ், காபர்நே சாவிஞான் முதலிய அந்த இரகங்களின் மணி சிறியது, தோல் தடித்தது, உள்ளே விதை இருக்கும். நிறமும் மணமும் துவர்ப்பும் தோலிலேயே உள்ளன. ஆதலால் மணியைப் பருக்க வைப்பது இங்குக் குற்றம். உண்ணும் திராட்சையில் குலையை ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் தோய்த்து, நெருக்கமான மணிகளைக் கத்தரித்து நீக்கி, ஏக்கருக்கு 10 டன் வரை எடுக்க முயல்வர். ஒயின் திராட்சையில் 4, 5 டன்னோடு நிறுத்திக்கொண்டால்தான் தரம் நிற்கும். பந்தலுக்குப் பதிலாக, கொடிகள் வேலி போல வரிசையாக நிமிர்த்திக் கட்டப்படுகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை, வெயில் ஏறுமுன் பறித்து ஆலைக்கு அனுப்பவேண்டும். வெள்ளை ஒயினுக்குத் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்க வைப்பர். சிவப்புக்குத் தோலுடனேயே நொதிக்கவிடுவர். நொதிக்கும்போது எழும் வெப்பத்தைக் கட்டுப்படுத்த இடையறாது குளிர்விக்க வேண்டியிருப்பதால், நம் நாட்டு ஆலைகளில் மின்செலவு ஒரு பெருஞ்சுமை. ஒரு டன் பழத்திலிருந்து 600 முதல் 700 லிட்டர் ஒயின் கிடைக்கும்.

இந்த வேறுபாடுகளுள் உழவருக்கு மிகமுக்கியமானது ஒன்று உண்டு. உண்ணும் திராட்சைக்குப் பல வழிகள் திறந்துள்ளன. ஐரோப்பா வாங்காவிட்டால் வங்காளதேசம். அதுவும் இல்லாவிட்டால் மும்பை, தில்லிச் சந்தைகள். விலை மிகவும் சரிந்தால் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். ஒயின் திராட்சைக்கு ஒரே வழிதான்: ஆலையின் வாயில். அந்த வாயில் மூடினால் அப்பழத்தைத் தெருவில் வைத்து விற்கவும் இயலாது. கொடியோ பதினைந்து ஆண்டு நிற்கக்கூடியது. பழமோ பறித்த சில மணி நேரத்தில் கெடத் தொடங்குவது. இத்தகைய பயிரில் உடன்படிக்கையே உழவரின் உண்மையான மூலதனம்.

2001 முதல் 2010 வரை

மகாராஷ்டிரத்தில் நவீன ஒயின் தொழில் முதலில் 1980களில் புணே மாவட்டத்து நாராயண்காவில் வேரூன்றியது. நாசிக்கில் திருப்பம் ஏற்படுத்தியது கங்காபூர் நீர்த்தேக்கத்தின் அருகே அமைந்த சூலா தோட்டம். அமெரிக்காவில் பொறியியல் பயின்று திரும்பிய இராஜீவ் சாமந்த், 1997இல் தம் குடும்ப நிலத்தில் ஒயின் இரகங்களை நட்டார். 2000இல் முதல் ஒயின் சந்தைக்கு வந்தது.

அடுத்த ஆண்டே, 2001இல், மாநில அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிற்கொள்கையை அறிவித்தது. ஆயத்தீர்வைச் சலுகை வழங்கப்பட்டது. ஒயின் வடித்தல் வேளாண்சார் சிறுதொழிலாக மதிக்கப்பட்டது. நிபாட் வட்டத்தின் விஞ்சூரிலும், சாங்கிலி மாவட்டத்தின் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள் உருவாக்கப்பட்டன. உழவர்கள் பலரும் ஆர்வத்தோடு முன்வந்தனர். சிலர் கூட்டாகச் சேர்ந்து வங்கிக் கடன் பெற்றுத் தாமே ஆலை தொடங்கினர். பலர் ஆலைகளோடு உடன்படிக்கை செய்து ஒயின் இரகங்களை நட்டனர். நடவு ஆண்டுதோறும் பெருகிற்று. பருகுவோர் எண்ணிக்கையும் அதே வேகத்தில் பெருகும் என்பது எல்லாரும் கொண்ட கணக்கு.

கணக்கு தவறிற்று. 2008இன் பிற்பகுதியில் உலகப் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நிகழ்ந்தது. ஒயின் விற்பனைக்கு ஆதாரமான விடுதிகளும் சுற்றுலாவும் முடங்கின. தொட்டிகளில் பழைய ஒயின் நிரம்பியிருக்கையில் புதிய அறுவடை வாயிலில் வந்து நின்றது. 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் பல ஆலைகள் பழத்தை ஏற்க மறுத்தன. வேறு சில, வாங்கிய பழத்துக்குப் பணம் தரவில்லை. உடன்படிக்கைத் தாள் உழவர் கையில் இருந்தது. அதனை நிறைவேற்றச் செய்யும் வலிமை அவரிடம் இல்லை. ஏராளமான தோட்டங்களில் ஒயின் கொடிகள் வெட்டப்பட்டு, அதே வேரின் மீது உண்ணும் இரகங்கள் ஒட்டுக்கட்டப்பட்டன. அந்த ஒட்டு பலன் தரும்வரை கடந்த நாட்களின் இழப்பு முழுவதும் பயிரிட்டவர் தலையிலேயே விழுந்தது.

அதே 2010இல் உண்ணும் திராட்சைக்கும் ஒரு பேரிடி நேர்ந்தது. குளோர்மெக்குவாட் குளோரைடு என்னும் வளர்ச்சி ஒடுக்கியின் எச்சம் மிகுந்திருந்ததாகக் கூறி ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் சரக்குகளை ஏற்க மறுத்தனர். ஏற்றுமதியாளரும் உழவரும் பெரும் இழப்புக்கு ஆளாயினர். ஆனால் இதன் பின்விளைவு வேறு. திராட்சை விவசாயிகளின் மாநிலச் சங்கம் ஏற்கெனவே ஊன்றி நின்றிருந்தது. புணேயை அடுத்த மாஞ்சரியில் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இருந்தது. தோட்டந்தோறும் பதிவு செய்து எச்சம் சோதிக்கும் முறையும் நடைமுறையில் இருந்தது. சோதிக்கவேண்டிய பொருட்களின் பட்டியல் திருத்தப்பட்டது, ஏற்றுமதி மீண்டது. அக்காலத்தையொட்டி மோஹாடி ஊரில் நூறளவு உழவர்களுடன் உருவான சஹ்யாத்ரி பண்ணை உற்பத்தியாளர் நிறுவனம், பின்னர் நாட்டின் முன்னணித் திராட்சை ஏற்றுமதியாளராக வளர்ந்தது.

இரண்டு நெருக்கடிகளும் ஒரே மாவட்டத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் ஏற்பட்டவை. ஒன்றில் உழவர்கள் அமைப்பாக நின்றனர். மற்றொன்றில் ஒவ்வொருவரும் தனித்தனித் தாளுடன் ஓர் ஆலையின் முன் நின்றனர். தேவை சரிந்ததும் பழத்துக்கு மாற்றுவழி இன்மையும் ஒயின் உழவரின் இழப்புக்கு முதற்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இழப்பு பகிரப்படாமல் ஒரு தரப்பின் மீதே சரிந்ததற்குக் காரணம், ஃபட் முறையில் பாட்கரிக்கு இருந்தது போன்ற பொது அதிகாரம் எவரிடமும் இல்லாமையே.

இன்றைய நிலை

தொழில் பின்னர் தலைநிமிர்ந்தது. எஞ்சிய ஆலைகள் சில, பழத்தை உறுதியாக வாங்கும் நீண்டகால உடன்படிக்கைகளோடு மீண்டும் நடவை ஊக்குவித்தன. தோட்டங்களில் விருந்தினர் விடுதிகள், உணவகங்கள், அறுவடைக்கால விழாக்கள் என்று சுற்றுலா வளர்ந்துள்ளது. வார இறுதியில் மும்பையிலிருந்தும் புணேயிலிருந்தும் வருவோர் கங்காபூர் நீர்த்தேக்கக் கரையை நிறைக்கின்றனர். 2022 டிசம்பரில் சூலா நிறுவனம் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. அவ்வாண்டு ஜனவரியில், பெரிய அங்காடிகளில் ஒயினை விற்க அனுமதிக்கும் முடிவை மாநில அமைச்சரவை எடுத்தது. உழவர் நலனே காரணமாகக் கூறப்பட்டது. மதுவிலக்கு ஆதரவாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழவே, அது நடைமுறைக்கு வரவில்லை. உழவரின் பெயரால் இருதரப்பும் வாதிட்டபோதிலும், பழத்துக்குரிய பணம் எத்தனை நாளில் வரவேண்டும் என்ற கேள்வி அவ்விவாதத்தில் அதிகம் எழவில்லை.

ஒப்பந்தச் சாகுபடிக்கான மாதிரிச் சட்டம் ஒன்றை மத்திய அரசு 2018இல் வெளியிட்டது. அதனை அடியொற்றி முதலில் தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 2019. ஒப்பந்தத்தைப் பதிவு செய்தல், தகராறைத் தீர்க்க உள்ளூர் அளவில் அமைப்பு ஏற்படுத்தல் ஆகியவை அதன் கூறுகள். ஒரே கொள்முதலாளரை நம்பிய பல்லாண்டுப் பயிருக்கு இது குறைந்தபட்சத் தேவை. ஆலை நொடித்தால் உழவரின் நிலுவைக்கு எந்த இடம், ஆலை பழத்தை மறுத்தால் ஒட்டு மாற்றும் செலவில் பங்கு உண்டா என்பவையும் அந்தத் தாளில் எழுதப்படவேண்டும். உழவர்கள் சங்கமாக நின்று ஒப்பமிட்டால் ஆலைக்கும் அதில் நன்மை உண்டு. தரமும் அளவும் முன்கூட்டியே உறுதிப்படும்.

இந்தத் தாளில் இதுவரை பெயர் இடம்பெறாத தரப்பு ஒன்றும் இருக்கிறது. கவாத்து, கொடி கட்டுதல், குலை தோய்த்தல், அறுவடை ஆகிய வேலைகளுக்குச் சுர்கானா, பேட் ஆகிய மேற்கு வட்டங்களின் பழங்குடி மக்கள் குடும்பத்தோடு திண்டோரிக்கும் நிபாட்டுக்கும் வருகின்றனர். மழை கொட்டும் மலைநாட்டில் நெல்லும் கேழ்வரகும் அறுத்த கையோடு, ஆண்டின் எஞ்சிய மாதங்களுக்கு மழையற்ற கிழக்கை நாடிவருகிறார்கள். அவர்களின் ஊரில் பெய்யும் நீர் பாறையில் வழிந்து ஓடிவிடுவதால், கோடையில் குடிநீருக்கே அங்குத் தட்டுப்பாடு. 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து சென்ற உழவர் பேரணியில், வன உரிமைச் சட்டத்தின்படி தம் நிலத்துக்குப் பட்டா கோரிச் சென்றவர்களுள் இம்மலைவட்டங்களைச் சேர்ந்தோர் கணிசமானவர்.

நீருக்கும் மறுபங்காளிகள் உண்டு. கோதாவரியும் காதவாவும் கூடும் நாந்தூர் மத்யமேஷ்வர் அணைக்கட்டு, 2020இல் மாநிலத்தின் முதல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் அங்கு வலசைப் பறவைகள் திரளாக இறங்குகின்றன. அதற்கும் கீழே, மராத்வாடா பகுதியின் உயிர்நாடியான ஜாயக்வாடி அணை. 2005ஆம் ஆண்டின் நீர்வள ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் நீரைச் சமமாகப் பகிர வலியுறுத்துகிறது. அதன்படி 2015, 2018, 2023 ஆகிய பற்றாக்குறை ஆண்டுகளில் நாசிக், அகில்யாநகர் மாவட்டங்களின் மேலணைகளிலிருந்து ஜாயக்வாடிக்கு நீர் திறந்துவிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் திராட்சை உழவர்கள் எதிர்த்தனர். மராத்வாடா மக்கள் போதாது என்றனர். அந்தத் திறப்புகள் நிகழ்வது பெரும்பாலும் அக்டோபரிலும் நவம்பரிலும். நாசிக் தோட்டங்களில் மறு கவாத்து முடிந்து, புதிய துளிர் நீருக்காகக் காத்திருக்கும் மாதங்களும் அவையே.